கிளவுசன் கணவாயில் ஒரு பழைய மோட்டார் வண்டி

வின்ரத்தூர் என்னும் நகரைக் காண்பதற்கென்றே சுவிற்சர்லாந்துக்குச் செல்வோர் மிகச் சிலர். பனிமலை காண விரும்புவோர் வேறு திசை போவர். ஏரிக்கரை காண விரும்புவோர் லுசேர்னுக்குப் போவர். சூரிச்சிலிருந்து புகைவண்டியேறினால் அரைமணிக்குள் வந்துவிடும் இவ்வூர், ஆலைத் தொழிலால் வளர்ந்த ஊர். 1834 ஆம் ஆண்டில் சுல்சர் சகோதரர் இங்கே ஒரு வார்ப்பாலை அமைத்தனர். பின்னர் புகைவண்டி எஞ்சின்களும் நெசவு யந்திரங்களும் மாபெரும் கப்பல் எஞ்சின்களும் இவ்வூரிலிருந்து உலகெங்கும் சென்றன. டீசல் எஞ்சினுக்குத் தம் பெயரையே தந்த ருடோல்வ் டீசல், இளைஞராயிருந்தபோது தொழில் பழகியதும் இங்கேதான். இன்று அவ்வாலைகள் பலவற்றில் நெருப்பு அவிந்துவிட்டது. செங்கற் சுவர்களும் பாரந்தூக்கிகள் ஓடிய இரும்புப் பாதைகளும் அப்படியே நிற்க, உள்ளே மாணவர் படிக்கிறார்கள், குடும்பங்கள் குடியிருக்கின்றன, மாலை வேளையில் கோப்பி அருந்துவோர் கூட்டமும் குறைவில்லை. பழையதை இடித்தெறியாமல் மாற்றிப் பயன்கொள்ளும் இவ்வழக்கம் எமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எமது தமையனார் இந்நகரில் வாழ்கின்றார். 1986 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர். எமக்கு அப்போது வயது ஆறு. ஆகையால் தமையனார் என்ற உருவத்தைவிடத் தமையனாரின் கடிதங்களையே நாம் அதிகம் அறிவோம் எனல் வேண்டும். கல்லூரியின் ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் அவரோடு தங்கியிருக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. சென்ற அன்றே, பயணக் களைப்பு நீங்குமுன்னரே, அவர் எம்மை நிலவறை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்று, துணியால் மூடியிருந்த ஒரு வண்டியைத் திறந்து காட்டினார்.

"புதுக் கார் வாங்கிற காசைக் குடுத்துப் பழங் கார் வாங்கின ஒரே ஆள் உங்கடை அண்ணர்தான்" என்று அண்ணியார் பின்னாலிருந்து சொன்னார்.

அது சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1979 இல் செய்த '99 டேர்போ' என்னும் வண்டி. மூன்று கதவு, கடுஞ்சிவப்பு நிறம். 1986 இல் தமையனார் இங்கு வந்து முதன்முதல் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அவ்வுணவகத்துச் சமையற் தலைவரிடம் இத்தகைய வண்டியொன்று இருந்ததாம். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து அவர் வண்டியை எடுத்துச் செல்லும்போது, அது மேட்டில் ஏறுகையில் எழும் மெல்லிய சீழ்க்கையொலியைத் தமையனார் பின்கதவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாராம். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் ஒருவாறு முடிந்து, ஐம்பத்தேழாம் வயதில் அவ்வொலியை அவர் விலைகொடுத்து வாங்கினார்.

அவ்வொலியின் பிறப்பிடமும் வின்ரத்தூரேயென்பது பலர் அறியாத செய்தி. 1879 இல் இந்நகரில் பிறந்த அல்பிரட் பூக்கி என்னும் பொறியியலாளர், சூரிச்சிற் கல்வி கற்று, 1905 ஆம் ஆண்டில் ஒரு காப்புரிமை பெற்றார். எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகிப் போகின்றது. அப்புகையின் வேகத்தைக்கொண்டே ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சில்லால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டினால் என்ன என்பதே அவர் எண்ணம். கொல்லன் பட்டறையிலே துருத்தி ஊதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். உலைக்களத்துப் புகையே துருத்தியை ஊதுமானால் எப்படி? அதுதான் டேர்போ.

எண்ணம் எளிது, செய்கை எளிதாயிருக்கவில்லை. அச்சூட்டைத் தாங்கும் உலோகமும் அவ்வேகத்தைத் தாங்கும் அச்சும் அக்காலத்தில் இல்லை. 1924 இல் வின்ரத்தூரில் ஒரு பரிசோதனை எஞ்சினுக்கென, பாடன் நகரத்துப் பிரவுண் பொவேரி நிறுவனம் முதலாவது டேர்போவைச் செய்தளித்தது. ஈராண்டுகளின் பின் ஜேர்மன் பயணிகள் கப்பல்கள் இரண்டில் அது பூட்டப்பெற்று, 1750 பரிவலு கொண்ட எஞ்சின்களை 2500 பரிவலுவுக்கு உயர்த்திற்று. 1938 இல் இதே நாட்டின் சவுறர் தொழிற்சாலை அதை லொறியிற் பூட்டியது. இன்று எமது வீதிகளில் மேடேறும் டீசல் பஸ்களிலும் லொறிகளிலும் கேட்கும் சீழ்க்கை, பூக்கியின் எண்ணம் எழுப்பும் சீழ்க்கையே. அவர் 1959 இல் தம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

சிறு பெற்றோல் கார்களில் இதனைப் பூட்டுவது பின்னும் கடினமாயிற்று. 1962 இல் அமெரிக்காவில் இரு நிறுவனங்கள் முயன்றன. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல், எஞ்சின் சூடேறி 'தட்டாமல்' இருக்கவென்று தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைத் தனித் தாங்கியில் நிரப்பச் சொல்லிற்று. மக்கள் நிரப்ப மறந்தார்கள். அடுத்த ஆண்டோடு அவ்வண்டி நின்றுபோயிற்று. பெற்றோலோடு இன்னொன்றையும் நினைத்து நினைத்து ஊற்றும் பொறுமை எந்த நாட்டு மனிதனுக்குத்தான் உண்டு? 1973 இல் ஜேர்மனியில் வந்த பீ.எம்.டபிள்யூ. டேர்போ வண்டியும் எண்ணெய் நெருக்கடியில் அகப்பட்டுச் சில நூறுகளைத் தாண்டி ஈராயிரத்தை எட்டாமலே முடிந்தது.

1977 இல் பிராங்போட் கண்காட்சியில் சாப் நிறுவனத்தார் தம் 99 டேர்போவைக் கொண்டுவந்தபோது, அவர்கள் நோக்கம் வேறாயிருந்தது. பந்தய வேகம் அன்று, குடும்ப வண்டிக்கு வேண்டிய இடைவேகத்தில் வலு. அதுவே அவர்கள் தேடியது. அமுக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் புகையைச் சில்லின்மேற் செல்லவிடாது பக்கவழியே திருப்பும் சிறு கதவொன்றை வைத்தனர். இரண்டு இலீற்றர் எஞ்சின், 145 பரிவலு. ஆகாயவிமானம் செய்யவென 1937 இல் தொடங்கிய நிறுவனமாதலால் அவர்கள் எதையும் பிறரைப்போற் செய்வதில்லை. எஞ்சின் முன்பின்னாகத் திரும்பி நிற்கின்றது, கிளச் முன்புறம், கியர்ப் பெட்டி எஞ்சினுக்குக் கீழே. பொனற்று முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கின்றது. திறப்புப் போடும் துவாரம் இரு ஆசனங்களுக்கும் நடுவே தரையிலிருக்கின்றது. பின்னோட்டக் கியரிற் போடாமல் திறப்பைக் கழற்ற முடியாது. இதனை அறியாத அண்ணியார் ஒருநாள் அரைமணி நேரம் திறப்போடு மல்லாடினாராம். இன்று அந்நிறுவனத்தின் மோட்டார்ப் பகுதி இல்லை. 2011 இல் வங்குரோத்தாயிற்று. ஆயினும் அவ்வண்டிகளைப் பேணுவோர் ஐரோப்பாவில் ஏராளம்.

தமையனார் வாங்கிய வண்டியில் ஒரு சிக்கல் இருந்தது. அது தொழிற்சாலை செய்த வண்டியாக இருக்கவில்லை. முன்னிருந்தவர் யாரோ அதிற் கைவைத்திருந்தார். டேர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இன்ரர்கூலர் எனப்படும் காற்றுக் குளிர்த்தியொன்று புதிதாக நுழைக்கப்பட்டிருந்தது. காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடேறிய காற்று விரிவடையும். விரிந்தால் அமுக்கியதன் பயன் குறையும். ஆகையால் நடுவிலே குளிர்விப்பது நல்ல பொறியியலே. ஆனால் வேறென்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதந்தானும் இல்லை. விற்றவர் "வலுக் கூட்டப்பட்டது" என்று இரு சொற்களில் முடித்துவிட்டார்.

எமது பெறாமகன் இந்நகரில் யந்திரவியல் படிக்கின்றான். 1874 இல் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம் இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்து நிற்கின்றது. அவன் ஒரு கொப்பி வாங்கி, நாள்தோறும் அவ்வண்டியில் தான் கண்டதை எழுதிவந்தான். இந்தக் குழாய் பிற்காலத்தது. இந்த ஆணி வேறு அளவு. இந்தக் கம்பி எங்கே போகிறதென்று தெரியவில்லை. புதிய வண்டிக்குக் கைந்நூல் உண்டு. பிறர் கைபட்ட பழைய வண்டிக்கு அதுவே கைந்நூல். அதிலும் எழுதியவர் யார், உண்மைதான் எழுதினாரா என்பது தெரியாது. ஓலைச்சுவடிகளில் இடைச்செருகல் தேடும் புலவரைப்போல் அவன் பொனற்றுக்குள் தலைகவிழ்ந்து நின்ற காட்சியை நாம் மிகவும் இரசித்தோம்.

இத்தேடல் வெறும் பொழுதுபோக்கன்று. சுவிற்சர்லாந்தில் வண்டியிற் செய்யும் மாற்றங்களை அரசாங்கப் பரிசோதனைக்குக் காட்டி, வாகனப் பத்திரத்திற் பதிவுசெய்தல் வேண்டும். முப்பது ஆண்டைத் தாண்டிய வண்டி, பிறந்தபோது இருந்த கோலத்திலேயே இருந்தால் 'முதுவாகனம்' என்ற தனி மதிப்புக் கிடைக்கும். ஆறாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தாற் போதும். தமையனாரின் வண்டிக்குப் பரிசோதனை ஒக்ரோபரில் வரவிருந்தது. பதிவில்லாத மாற்றத்தோடு போனால் திருப்பியனுப்பப்படும். அதைவிடப் பெரிய கவலை எஞ்சின் பற்றியது. அவ்வெஞ்சின் உடைந்தால் இன்னொன்றுக்குக் கொடுக்கும் சேமிப்பு அவரிடம் இல்லை. அண்ணியார் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கோவிலில் வாகனப் பூசை செய்தபோது சில்லின்கீழ் வைத்த எலுமிச்சம்பழங்கள் நாலும் ஒழுங்காக நசுங்கினவா என்று குனிந்து பார்த்தவர் அவர்தான்.

ஓகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கிளவுசன் கணவாய்க்குப் போவதென்று முடிவாயிற்று. தமையனாரும் பெறாமகனும் நாமும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ரப்பர்ஸ்வில் நகரில் சூரிச் ஏரியைக் குறுக்கே கடக்கும் அணைவீதியைத் தாண்டி, கிளாருஸ் பள்ளத்தாக்கினுள் நுழைந்தோம். இருமருங்கும் மலைகள் சுவர்போல் எழும். பள்ளத்தாக்கின் முடிவில் லிந்தால் என்னும் சிற்றூர். அங்கிருந்து மலை ஏறவேண்டும்.

கிளவுசன் வீதிக்கு மோட்டார் உலகில் ஒரு பெயருண்டு. 1922 முதல் 1934 வரை இங்கே மலையேற்றப் பந்தயம் நடைபெற்றது. லிந்தாலிலிருந்து கணவாய் உச்சிவரை 21.5 கிலோமீற்றர், 136 வளைவுகள், ஏற்றம் 1237 மீற்றர். சரளைக்கல் வீதியில் 1934 இல் ருடோல்வ் கரட்சியோலா என்ற ஜேர்மன் வீரர் மேர்செடெஸ் வண்டியில் 15 நிமிடம் 22 விநாடியில் ஏறி முடித்தார். சராசரி மணிக்கு 84 கிலோமீற்றர்! அவ்வண்டிகளிலும் காற்றை அமுக்கும் கருவி இருந்தது. ஆயின் அதை எஞ்சினே தன் வலுவிற் பங்கு கொடுத்துச் சுழற்றிற்று; புகை சுழற்றவில்லை. தன் கைக்காசைச் செலவிட்டு வட்டி வாங்குவதற்கும் வீசியெறிந்ததைப் பொறுக்கி விற்பதற்கும் உள்ள வேறுபாடு அது என்று பெறாமகன் விளக்கினான். அவன் தாயின் சிக்கனம் அவனிடம் இருக்கின்றது.

லிந்தாலைத் தாண்டியதும் வீதி மடிந்து மடிந்து ஏறத்தொடங்கிற்று. நல்ல வெயில். தமையனார் மூன்றாம் கியரிற் போட்டுக் காலை அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை; பின்னர் அந்தச் சீழ்க்கை எழுந்தது; முதுகை யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. அமுக்கமானியின் ஊசி எழும்பிச் சிவப்புப் பகுதியின் விளிம்பைத் தொட்டது. தமையனாரின் முகத்தை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். கடிதங்களில் நாம் காணாத முகம் அது.

நாலைந்து வளைவு சென்றிருப்போம். சீழ்க்கைக்கு அடியில் வேறோர் ஒலி எம் காதில் விழுந்தது. தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டு மெதுவாய் ஆட்டினாற்போன்ற ஒலி. தமையனாருக்கு அது கேட்கவில்லை; பின்னாலிருந்த பெறாமகனுக்கும் கேட்கவில்லை. எமக்கோ அது அன்னை குரல்போற் பழகிய ஒலி.

"அண்ணை, காலை எடுங்கோ. எஞ்சின் தட்டுது" என்றோம்.

அவர் உடனே காலை எடுத்தார். ஒலி நின்றது. மெல்ல அழுத்தினார், ஒலி இல்லை. மேலும் அழுத்தினார், மீண்டும் கூழாங்கல்.

அவ்வொலியை நாம் கற்ற இடம் யாழ்ப்பாணம். எமது தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ 40 வாடகைக் கார் இருந்தது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றுப்போனபோது, குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையும் நாற்றமும் வீதியெங்கும் நிறைந்திருந்த அந்நாட்களை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திரார். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் அமுக்கத்தைத் தாங்காது. மின்பொறி மூட்டிய தீ ஒழுங்காய்ப் பரவுமுன்னரே, மூலையிற் கிடக்கும் கலவை சூட்டாலும் அமுக்கத்தாலும் தானே வெடிக்கும். அவ்வெடியின் அதிர்வு பிஸ்ரனிலும் சிலிண்டர்ச் சுவரிலும் மோதும் ஒலிதான் அந்தக் கூழாங்கல். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது அது மிகும். விட்டால் பிஸ்ரன் துளைபடும். தந்தையார் மின்பொறி விழும் நேரத்தைச் சற்றே பின்தள்ளி வைப்பார். பள்ளிக்கூட வயதில் முன்னாசனத்தில் எம்மை இருத்தி, "தட்டிற சத்தம் கேட்டாச் சொல்லு, நான் காலை எடுக்கிறன்" என்பார். வயதால் அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. ஐந்தாண்டுகள் அவருடைய காதாக நாம் இருந்தோம். தமையனார் அதற்கு நாலாண்டு முன்னரே புறப்பட்டுவிட்டவர்.

யாழ்ப்பாணத்து ஏ 40 இன் நெருக்கல் விகிதமும் ஏழைச் சற்றே தாண்டியது; இந்தச் சாப் டேர்போவின் விகிதமும் அவ்வாறே. 1979 இல் செய்த எஞ்சினுக்கு ஏன் அவ்வளவு தாழ்ந்த விகிதம் என்றால், டேர்போ முன்கூட்டியே காற்றை அமுக்கி அனுப்புவதால், உள்ளே இன்னும் நெருக்கினால் அதே வெடிதான் நேரும். ஒன்றில் எண்ணெய் தாழ்ந்தது, மற்றொன்றில் காற்று மிகுந்தது, தட்டுவது ஒன்றுதான்.

ஊர்ணர்போடன் என்னும் மலைமேட்டுப் புல்வெளியில் வண்டியை நிறுத்தினோம். உடனே திறப்பைத் திருப்பப் போனோம். தமையனார் எம் கையைத் தடுத்தார். "பொறு தம்பி. ரண்டு நிமிசம் சும்மா ஓடட்டும்." டேர்போவின் அச்சு நிமிடத்துக்கு நூறாயிரம் சுற்றுக்கும் மேலே சுழல்வது, அதைத் தாங்குவது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றே. புகைச் சில்லின் சூடு 900 பாகை அளவுக்கு ஏறக்கூடும். ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைத்தால் ஒயில் ஓட்டம் நிற்கும். நின்ற ஒயில் அங்கேயே கருகிக் கரியாகும். இது அவர் எமக்குச் சொல்லித்தந்தது.

ஊர்ணர்போடன் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான பசும்புல் வெளி. கோடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பசுக்கள் இங்கே மேய்கின்றன. அவற்றின் கழுத்து மணிகள் ஒன்றாய் ஒலிக்கும்போது எமது கோவிற் திருவிழாக் காலையே நினைவுக்கு வரும். பசுக்கள் வீதியின் நடுவே நின்றால் வண்டிதான் காத்திருக்கவேண்டும். இவ்வெளி கிளாருஸ் பக்கத்தே இருந்தும் ஊரி மாநிலத்துக்கே உரியது. அதற்கு ஒரு பழங்கதை சொல்கிறார்கள். எல்லைத் தகராறு தீர, இரு பக்கத்திலிருந்தும் சேவல் கூவியவுடன் ஒவ்வோர் ஓட்டக்காரர் புறப்படுவதென்றும், சந்திக்கும் இடமே எல்லையென்றும் முடிவாயிற்றாம். கிளாருஸ்க்காரர் சேவலுக்கு வயிறாரத் தீனியிட்டார்கள், அது உறங்கிவிட்டது. ஊரிக்காரர் பட்டினி போட்டார்கள். அது விடியுமுன் கூவிற்று. பின்தங்கிய கிளாருஸ் ஓட்டக்காரன் கெஞ்ச, "என்னைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் மேலேறுகிறாயோ அவ்வளவு நிலம் உனக்கு" என்றான் மற்றவன். அவன் சுமந்து ஏறி, ஓர் ஓடைக்கரையில் உயிர்விட்டான். அந்த இடம் எல்லையாயிற்றாம். எமக்கு அந்தக் கிளாருஸ்க்காரன்மேல் இரக்கம் உண்டாயிற்று.

அங்கிருந்து உச்சிவரை ஊசி சிவப்புக்கு மிகக் கீழே நிற்குமாறு மெதுவாகவே ஏறினோம். மஞ்சள் நிறத் தபால் பஸ் ஒன்று வளைவில் மூன்று சுருதியிற் குழல் ஊதிக்கொண்டு வந்தது. அது இத்தாலிய இசைஞர் றொசினி வில்லியம் தெல் என்னும் இசைநாடகத்துக்கு அமைத்த முன்னிசையிலிருந்து எடுத்த ஒலி. அக்குழல் கேட்டால் மற்றையோர் ஒதுங்கி வழிவிடுதல் மலைவீதி ஒழுங்கு. தமையனார் பாறையோரம் ஒதுங்கினார்.

கிளவுசன் கணவாய் கடல்மட்டத்துக்கு 1948 மீற்றர் உயரம். எமது நுவரெலியா 1868 மீற்றர். ஆகவே எம்மவர் இவ்வுயரத்துக் காற்றை அறியாதவரல்லர். இங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். எஞ்சின் உறிஞ்சும் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஐந்திலொரு பங்கு குறையும். சாதாரண வண்டிகள் நுவரெலியா ஏறும்போது சோர்வதற்குச் செங்குத்து மட்டுமன்றி இதுவும் காரணம். டேர்போ பூட்டிய எஞ்சின் இன்னும் வேகமாய்ச் சுழன்று அக்குறையை நிரப்பிக்கொள்ளும். 1918 இலேயே அமெரிக்காவில் சான்பேட் மொஸ் என்பவர் ஆகாயவிமான எஞ்சினொன்றை 4300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் இதனை நிரூபித்தார். உச்சியில் நின்று, இடியப்பப் பொதியை அவிழ்த்துச் சம்பலோடு உண்டுகொண்டு, பெறாமகன் எமக்குச் சொன்ன பாடம் இது. சுவிஸ் பயணிகள் சிலர் இடியப்பத்தைப் பார்த்தார்களா சாப்பைப் பார்த்தார்களா என்று எம்மால் நிச்சயிக்க முடியவில்லை.

மறுபுறம் இறங்கி, வில்லியம் தெல்லின் சிலை நிற்கும் அல்ட்டோர்வ் வழியாக வீடு திரும்பினோம். அச்சிலையைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை நீளும்.

இரண்டு நாளின் பின், ஓய்வுபெற்ற சுவிஸ் மெக்கானிக்கர் ஒருவர் வந்து பார்த்தார். பேசாத மனிதர். முதலில் ஒரு பரிசோதனை அமுக்கமானியைப் பூட்டி ஓட்டச் செய்தார். தொழிற்சாலை வைத்த அமுக்கம் 0.7 பார், இதில் 1 பாரை நெருங்கியிருந்தது. பக்கவழிக் கதவைத் திறக்கும் கோலைக் குறுக்கி, அது பிந்தித் திறக்குமாறு யாரோ செய்திருந்தார். அமுக்கம் மிகுந்தால் பெற்றோல் பம்பை நிறுத்தி எஞ்சினைக் காக்கும் ஆளியொன்றைச் சாப் நிறுவனத்தார் வைத்திருந்தனர். அவ்வாளியின் இரு முனைகளையும் விரல் நீளமுள்ள ஒரு கம்பித் துண்டால் இணைத்து அதன் வாயை அடைத்திருந்தார்கள். பெறாமகனின் கொப்பியில் 'எங்கே போகிறதென்று தெரியவில்லை' என்று எழுதியிருந்த கம்பி அதுதான். மெக்கானிக்கர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிஸ்ரன்கள் தப்பியிருந்தன. சிறு விளக்கைச் செலுத்தி நாலையும் பார்த்துத் தலையசைத்தார்.

இனி என்ன செய்வது என்பதில் வீட்டிற் கருத்து வேறுபட்டது. கோலைப் பழைய அளவுக்கு நீட்டுவதில் எவருக்கும் மறுப்பில்லை. இன்ரர்கூலரைப் பற்றியே வழக்கு. அது நல்லதென்றும், தட்டலைக் குறைப்பதென்றும், சாப் நிறுவனமே பிந்திய வண்டிகளில் அதைப் பூட்டிற்றென்றும், காசு செலவானாலும் பரிசோதித்துப் பதிவுசெய்யலாமென்றும் பெறாமகன் வாதிட்டான். அவன் கூறியதிற் பிழை இல்லை. தமையனார் நெடுநேரம் மௌனமாயிருந்தார். தாம் கேட்டு நின்ற வண்டியில் அது இருக்கவில்லை என்றார்.

நாம் ஊர் திரும்புமுன் அது கழற்றப்பட்டது. பழைய குழாய், விற்றவர் பெட்டியொன்றில் அள்ளிப்போட்டுத் தந்த சாமான்களிடையே கிடந்தது. இன்ரர்கூலரை அண்ணியார் தமது பழைய சேலையொன்றிற் சுற்றி நிலவறையிற் பத்திரப்படுத்தினார். எறியச் சொல்வார் என்று நாம் நினைத்திருந்தோம். ஒக்ரோபரில் வண்டி பரிசோதனைக்குப் போய் முதுவாகனப் பதிவோடு வந்ததாகத் தமையனார் தொலைபேசியிற் சொன்னார். ஊசி இப்போது சிவப்பின் பக்கமே போவதில்லையாம். சீழ்க்கை மட்டும் அப்படியே இருக்கின்றதாம்.

பின்னர் தொலைபேசியைப் பெறாமகன் வாங்கினான். கொப்பியில் இன்னும் பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன என்றும், அப்பப்பாவின் ஒஸ்ரின் காரைப்பற்றி எழுதவேண்டும் என்றும் சொன்னான். "சித்தப்பா, முதல்லை எவ்வளவு பெற்றோல் ஊத்தவேணும்?" என்று கேட்டான். போத்தல் மூடியால் ஒன்று போதும், மாரிகாலத்தில் ஒன்றரை, எஞ்சின் மேற்பகுதியிற் கைவைக்க முடியாத அளவு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவன் எழுதிக்கொண்டான்.